அம்பேத்கர் பம்பாய் சட்டசபையில் என்ன சாதித்தார்?

தாராவியிலிருந்து சட்டம் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கும் கேள்வி இது: "டாக்டர் அம்பேத்கர் சுமார் பதினைந்து ஆண்டுகள் பம்பாய் சட்டசபையில் உறுப்பினராக இருந்திருக்கிறார். ஆனால் அவர் கொண்டுவந்த மசோதாக்கள் நிறைவேறவே இல்லை என்று கல்லூரியில் ஒருவர் சொன்னார். வழக்கறிஞராகவும் அவருக்குப் பெரிய வழக்குகள் வரவில்லையாமே? இதெல்லாம் உண்மையா?"

தங்கையே, மசோதாக்களைப் பற்றிய தகவல் உண்மைதான். அதிலிருந்து அவர் அந்த ஆண்டுகளை வீணாக்கினார் என்று முடிவுகட்டினால் அதுதான் தவறு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நானும் தாராவியில் பிறந்தவன். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். எங்கள் வீட்டுச் சுவரிலும் நீலக் கோட்டு அணிந்து, அரசமைப்புச் சட்டப் புத்தகத்தை அணைத்தபடி நிற்கும் அம்பேத்கர் படம் இருந்தது. அந்தப் புத்தகம் கைக்கு வருவதற்கு முந்தைய மனிதரை எனக்குத் தெரியாது. வக்கீலாகிச் சில ஆண்டுகள் கழித்து, அவருடைய நினைவு நாளான ஒரு டிசம்பர் 6 அன்று, சிவாஜி பார்க்கில் தரையில் விரித்திருந்த புத்தகக் கடை ஒன்றில் அவருடைய பம்பாய் சட்டசபைப் பேச்சுகள் அடங்கிய தடித்த தொகுதியை வாங்கினேன். அன்றிரவே படிக்க ஆரம்பித்தேன். கேள்வி நேரம், வரவு செலவுத் திட்டம், கிராம ஊழியர் மானியம், மில் தொழிலாளி, பிரசவ விடுப்பு என்று போகிறது அது. பக்கத்துக்குப் பக்கம் ஒரு வக்கீலின் கை தெரிகிறது.

அந்த வக்கீல் எப்படித் தொடங்கினார் என்பதிலிருந்து வருகிறேன். 1922இல் லண்டன் கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் ஆனார். மறு ஆண்டு பம்பாய்க்குத் திரும்பி உயர் நீதிமன்றத்தில் பதிவு செய்துகொண்டார். வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமமான சன்னது வாங்கக்கூடக் கையில் பணமில்லாமல் நண்பர் நவல் பதேனாவின் உதவியால்தான் அந்தக் காரியம் நடந்தது. கொலம்பியாவிலும் லண்டனிலும் ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற பாரிஸ்டருக்கு வழக்கு வரிசைகட்டி வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. உயர் நீதிமன்றத்தின் அசல் வழக்குகளில் சொலிசிட்டர்கள்தான் பாரிஸ்டருக்கு வழக்கைக் கொடுப்பார்கள். அந்தச் சொலிசிட்டர் அலுவலகங்கள் ஆங்கிலேயர் கையிலும் மேல்சாதியார் கையிலும் இருந்தன. மகர் சாதியில் பிறந்தவரிடம் வழக்கைக் கொடுக்க அவர்கள் தயாராக இல்லை. ஆகவே அவர் தாணே போன்ற வெளியூர் நீதிமன்றங்களுக்கு அலைந்தார். மாலை நேரத்தில் ஒரு கணக்கியல் பயிற்சி நிலையத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். பின்னாளில் அரசு சட்டக் கல்லூரியில் பேராசிரியராகி, 1935இல் அதன் முதல்வரும் ஆனார்.

அப்போது அவர் குடியிருந்தது பரேல் போய்பாவாடியில் பி.ஐ.டி. சாலின் முதல் எண் கட்டடத்தில். இரண்டாம் மாடி, 50, 51 எண் கொண்ட அறைகள். சால் என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீண்ட வராந்தா, வரிசையாக ஒற்றை அறைகள், மாடிக்குப் பொதுவான குழாய், பொதுவான கழிப்பறை. சுற்றிலும் மில் தொழிலாளிகள். 1912 முதல் 1934 வரை, வெளிநாட்டில் இருந்த காலம் போக, அதுதான் அவர் வீடு. பிரசவத்துக்கு முந்தைய நாள்வரை மில்லுக்குப் போன பெண்ணை அறிக்கையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவர் இல்லை. வராந்தாவில் நின்றால் போதும். சட்டசபையில் அவர் பேசியதைப் படிக்கும்போது இந்த வராந்தாவை மனதில் வைத்துக்கொள்.

1926 கடைசியில் ஆளுநர் அவரைப் பம்பாய் சட்டசபைக்கு நியமித்தார். டாக்டர் பி.ஜி. சோலங்கியும் உடன் நியமனம் பெற்றார். 1927 பிப்ரவரியில் பதவியேற்றார். நியமன உறுப்பினர் என்றால் நியமித்த அரசுக்குக் கைதூக்குபவர் என்றுதான் அன்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அவர் பேசிய முதல் வரவு செலவுத் திட்ட உரையிலேயே அரசின் நிலவரியைப் பிடித்துக்கொண்டார். வருமான வரியில் ஏழைக்கு விலக்கு உண்டு. நிலவரியில் அரை ஏக்கர் வைத்திருப்பவனுக்கும் விலக்கு இல்லை, விளைந்தாலும் கட்ட வேண்டும், விளையாவிட்டாலும் கட்ட வேண்டும், இது என்ன நியாயம் என்று கேட்டார். அடுத்த மாதம் கல்வி மானியத்தின் மீது பேசியபோது இன்னும் கூர்மையான கணக்கு ஒன்றை வைத்தார். அரசு தலைக்கு 14 அணா கல்விக்குச் செலவிடுகிறது. அதே தலையிடமிருந்து கலால் வருமானமாக இரண்டு ரூபாய்க்கு மேல் வசூலிக்கிறது. குடிக்க வைத்து வாங்குகிற அளவாவது படிக்க வைக்கச் செலவிடுங்கள் என்பதுதான் அவர் கோரிக்கையின் சாரம். பொருளாதாரம் படித்தவரின் கணக்கு, வக்கீலின் குறுக்கு விசாரணை, இரண்டும் ஒரே வாக்கியத்தில்.

இப்போது கொங்கணத்தில் உள்ள மஹாடு என்ற ஊருக்கு வருகிறேன். நீ சட்டம் படிக்கிறவள் என்பதால் இதில் சற்று அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

1923இல் எஸ்.கே. போலே என்ற உறுப்பினர் பம்பாய் சட்டசபையில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றினார். பொதுப் பணத்தில் கட்டிப் பராமரிக்கப்படும் நீர்நிலைகள், கிணறுகள், சத்திரங்கள், பள்ளிகள், நீதிமன்றங்கள், மருந்தகங்கள் எல்லாவற்றையும் தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களும் பயன்படுத்தலாம் என்றது அது. (நம் பக்கத்தில் இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னை சட்டசபையில் பொதுப் பாதைகளுக்காகவும் கிணறுகளுக்காகவும் கொண்டுவந்த தீர்மானத்தை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். சீனிவாசனும் அம்பேத்கரும் பின்னர் வட்டமேசை மாநாட்டுக்கு ஒன்றாகப் போனவர்கள்.) மஹாடு நகராட்சியும் தன் சவ்தார் குளத்தை எல்லோருக்கும் திறப்பதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் திறந்த குளத்தில் ஒருவரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகப் போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். திரும்பும் வழியில் அடி விழுந்தது.

அடிக்குப் பிறகு வந்தது வழக்கு. டிசம்பரில் இரண்டாம் மாநாடு கூட இருந்த வேளையில், குளம் தனியார் சொத்து என்று சொல்லி மேல்சாதியார் சிலர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார்கள். பிரதிவாதிகளில் முதல் பெயர் பீம்ராவ் ராம்ஜி அம்பேத்கர். கூடியிருந்த மக்கள் சிறைக்குப் போகத் தயாராக வந்திருந்தார்கள். தடையை மீறித் தண்ணீரில் இறங்குவோம் என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். அம்பேத்கர் தடுத்தார். மனுஸ்மிருதியை எரித்த அதே மாநாடு, நீதிமன்றத் தடைக்குக் கட்டுப்பட்டு, தண்ணீரைத் தொடாமல் குளத்தைச் சுற்றி ஊர்வலம் மட்டும் வந்து கலைந்தது.

எவ்வளவு கடினமான முடிவு அது! தலைவராக இறங்கச் சொல்லியிருந்தால் அன்று கைதட்டல் கிடைத்திருக்கும். வழக்கை நடத்துவது என்று அவர் தீர்மானித்தார். அதன்பின் பத்து ஆண்டுகள் வாய்தா, சாட்சி, மேல்முறையீடு. கீழ் நீதிமன்றங்களில் தோற்ற வாதிகள் உயர் நீதிமன்றம்வரை போனார்கள். 1937 மார்ச் 17 அன்று நீதிபதிகள் புரூம்ஃபீல்டும் என்.ஜே. வாடியாவும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள். 1922இல் அகமதாபாத்தில் காந்தியை விசாரித்து ஆறாண்டுச் சிறை விதித்த அதே புரூம்ஃபீல்டுதான் இவர்.

அந்தத் தீர்ப்பை முழுதாகப் படி. சிறியதுதான். தீண்டாமை பாவம் என்ற முழக்கம் எதுவும் அதில் இருக்காது. பிறரை விலக்கிவைக்கும் வழக்கம் நினைவுக்கெட்டாத காலந்தொட்டு இருந்துவருகிறது என்று காட்டும் பொறுப்பு வாதிகளுடையது, அவர்கள் காட்டவில்லை, ஆகவே தள்ளுபடி. அவ்வளவுதான். முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இரண்டாம் முறை படித்தபோதுதான் உறைத்தது: வாதிகள் வழக்கத்தை நிரூபித்திருந்தால் என்னவாகியிருக்கும்? குடிநீர் உரிமை ஒரு சாட்சியின் நாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டத்தில் அந்த உரிமை எழுதப்படவில்லை என்பதால் வந்த நிலை அது. இனி நம் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவை எடுத்துப் பார். கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள், அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் பொது இடங்கள் என்று பெயர் பெயராக அடுக்கியிருக்கும். உலகப் பொது உரிமைகளைப் பேசும் ஓர் ஏட்டில் குளமும் படித்துறையும் ஏன் வந்தன என்று உன் பேராசிரியரிடம் கேட்டுப் பார். போலே தீர்மானத்தின் வாசகமும் மஹாடு வழக்கின் பத்து ஆண்டுகளும் எனக்கு அந்த வரியில் கேட்கின்றன.

சட்டசபையில் தோற்றவற்றைச் சொல்கிறேன். 1928 மார்ச்சில் மகர் வதன் முறையைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். நம் ஊர்களில் தலையாரிக்கும் வெட்டியானுக்கும் மானிய நிலம் கொடுத்து ஊர் வேலை முழுவதையும் வாங்கினார்கள் அல்லவா? அதுபோன்றதே இது. துண்டு நிலமும் களத்தில் கிடைக்கும் தானியமும் கூலி. பதிலுக்கு இரவு பகல் பாராமல் குடும்பம் முழுவதும் அரசுக்கும் ஊருக்கும் கடமைப்பட்டிருக்க வேண்டும். நிலத்துக்கு ஆசைப்பட்டு ஆள் அடிமையாகிறான் என்பது அம்பேத்கரின் வாதம். நிலத்தை முழு வரிக்கு அவர்களுக்கே விட்டுவிடுங்கள், வேலைக்குச் சம்பளம் கொடுங்கள் என்றார். அரசு இணங்கவில்லை. 1929இல் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த முறையை ஒழித்த சட்டம் 1958இல் நிறைவேறியது. அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1937இல் கொங்கணத்துக் கோத்தி முறையை ஒழிக்க இன்னொரு மசோதா. கோத்தி என்றால் அரசுக்கும் உழவனுக்கும் இடையே நின்று வரி வசூலிக்கும் இடைத்தரகு ஜமீன். 1938 ஜனவரியில் பல்லாயிரம் விவசாயிகள் கொங்கணத்திலிருந்து வந்து பம்பாயில் சட்டசபையை நோக்கி ஊர்வலம் போனார்கள். பிரீமியர், அதாவது மாகாணத் தலைமை அமைச்சர், பி.ஜி. கேர் விவசாயிகளின் தரப்பைக் கேட்டார். மசோதா கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. அதை ஒழிக்கும் சட்டம் 1949இல் வந்தது.

இந்த இரண்டாவது மசோதாவைக் கொண்டுவந்தபோது அவர் நியமன உறுப்பினர் அல்லர். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கி, 1937 தேர்தலில் 17 இடங்களில் போட்டியிட்டு 14இல் வென்று, எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பைகுல்லா, பரேல் பகுதிதான் அவர் தொகுதி. அங்கே அவரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்தியது பல்வங்கர் பாலூவை. நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். 1911இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் நூறுக்கு மேற்பட்ட விக்கெட் எடுத்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர், அவரும் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். இளவயதில் அம்பேத்கர் அவரைக் கொண்டாடியவர். இரண்டாயிரம் வாக்குகளுக்குச் சற்று மேற்பட்ட வித்தியாசத்தில்தான் அம்பேத்கர் வென்றார். மஹாடு தீர்ப்பு வந்தது இதற்கு அடுத்த மாதம்.

வக்கீல் வேலையும் சட்டசபை வேலையும் எப்படிப் பின்னிக்கிடந்தன என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ஆர்.டி. கார்வே வழக்கு. குடும்பக் கட்டுப்பாடு, பாலியல் நலம் பற்றி வெளிப்படையாக எழுதிவந்த கார்வே மீது, வாசகர் கேள்விகளுக்கு அளித்த பதில்கள் ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். 1934இல் அவருக்காக வாதாடினார் அம்பேத்கர். வழக்கு தோற்றது, கார்வேக்கு அபராதம். நான்கு ஆண்டுகள் கழித்து, 1938 நவம்பரில், குடும்பக் கட்டுப்பாட்டு வசதிகளை அரசே செய்துதர வேண்டும் என்ற தீர்மானம் பம்பாய் சட்டசபைக்கு வந்தது. அம்பேத்கர் அன்று அவைக்கு வர இயலாததால் அவர் கட்சியின் பி.ஜே. ரோகம் அதை முன்மொழிந்தார். அதுவும் தோற்றது. நீதிமன்றத்தில் தோற்ற வழக்கைக் கட்டிவைத்துவிட்டு அடுத்த கட்சிக்காரரைப் பார்க்கப் போவதுதான் எங்கள் தொழிலில் வழக்கம். சட்டம் தவறு என்றால் சட்டம் செய்யும் இடத்துக்கே அந்த வழக்கைத் தூக்கிக்கொண்டு போனார் அவர்.

அவர் துணை நின்று வென்றதும் உண்டு. மில் பெண்களுக்குப் பிரசவ காலப் படி கொடுக்கும் மசோதா 1928இல் வந்தது, ஆர்.எஸ். ஆசவலே கொண்டுவந்தது. தாய்க்குப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஓய்வு கிடைப்பது நாட்டு நலன், செலவில் ஒரு பங்கை அவள் உழைப்பால் லாபம் காணும் முதலாளி ஏற்பது நியாயம் என்று அதை ஆதரித்து அம்பேத்கர் பேசினார். 1929இல் அது சட்டமானது. இந்தியாவில் அத்தகைய முதல் சட்டம். பரேல் வராந்தாவை நினைத்துக்கொள் என்று சொன்னது இதற்காகத்தான்.

1938இன் தொழில் தகராறு மசோதா இன்னொரு பெரிய சண்டை. சமரசப் பேச்சுக்கு முந்தைய வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்கியது அந்த மசோதா. உள்துறை அமைச்சர் கே.எம். முன்ஷி, அவரும் பெயர்பெற்ற வழக்கறிஞர். வேலைநிறுத்தம் என்பது ஒப்பந்தத்தை மீறுவது, அதற்கு நஷ்டஈடு கேட்கலாம். அதைக் குற்றமாக்கிச் சிறையில் தள்ளுவது, விருப்பமில்லாதவனை வேலை செய்யக் கட்டாயப்படுத்துவது, அதற்குப் பெயர் அடிமைத்தனம் என்று வாதிட்டார் அம்பேத்கர். ஒப்பந்தச் சட்டத்துக்கும் குற்றவியல் சட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்தே முழு வாதத்தையும் கட்டியிருப்பார். உன் முதலாண்டுப் பாடம்தான் அது. நவம்பர் 7 அன்று கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தமும் நடத்தினார். மசோதா நிறைவேறியது. 1942இல் அவர் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக டெல்லி போனார். தொழிற்சாலையில் வாரத்துக்கு 54 மணி நேரம் என்பதை 48 ஆகக் குறைக்கும் மசோதாவை 1946இல் மத்திய சட்டசபையில் கொண்டுவந்தவர் அவர்தான். இந்த முறை தோற்கவில்லை.

உன் இரண்டாவது கேள்விக்கும் ஒரு வரி. பெரிய வழக்குகள் வராத வக்கீல் என்பது தொடக்க ஆண்டுகளுக்கு மட்டுமே பொருந்தும். 1926இல் புணேயில் கேசவராவ் ஜேதே, ஜவள்கர் முதலிய பிராமணரல்லாதார் இயக்கத்தவர்களுக்காக அவதூறு வழக்கில் வாதாடி விடுதலை வாங்கிக் கொடுத்த பிறகு அவர் பெயர் பரவியது. 1930களின் நடுவில் தாதர் ஹிந்து காலனியில் ராஜ்கிருகம் கட்டிக் குடிபோனார். அவருடைய புத்தகங்களுக்காகவே கட்டிய வீடு என்று சொல்லலாம். மாட்டுங்காவில் இட்லி சாப்பிட்டுவிட்டு நடந்தே போய்ப் பார்த்துவிடலாம், அவ்வளவு பக்கம்.

பம்பாய் சட்டசபை கடைசியாக அவருக்குச் செய்த ஒரு காரியம் உண்டு. 1946இல் அரசியல் நிர்ணய சபைக்குப் பம்பாயிலிருந்து அவரால் போக முடியவில்லை. வங்காளத்திலிருந்து ஜோகேந்திரநாத் மண்டல் முதலியோரின் ஆதரவில் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிவினையில் அந்த இடம் போயிற்று. 1947 ஜூன் 30 அன்று ராஜேந்திர பிரசாத், அம்பேத்கரை உடனே தேர்ந்தெடுத்து அனுப்புமாறு பம்பாய் பிரீமியருக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பிரீமியர், கோத்தி மசோதாவை நகரவிடாத அதே பி.ஜி. கேர். எம்.ஆர். ஜெயகர் விட்டுச்சென்ற இடத்துக்கு ஜூலையில் பம்பாய் சட்டசபை அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆகஸ்டில் அமைந்த வரைவுக் குழுவில் அவர் தலைவர். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் கோபாலசாமி ஐயங்காரும் உறுப்பினர்கள். வேலைநிறுத்த மசோதாவில் எதிரெதிரே நின்று மோதிய முன்ஷியும் அதே மேசையில். கட்டாய வேலையைத் தடை செய்யும் 23ஆம் பிரிவை அந்த அரசமைப்பில் படிக்கும்போது, வதன் மசோதாவையும் தொழில் தகராறு மசோதா மீது அவர் பேசிய 1938 செப்டம்பர் உரையையும் பக்கத்தில் வைத்துப் படி.

அந்தத் தொகுதி இப்போதும் என்னிடம் இருக்கிறது. அட்டை போய்விட்டது, பக்கங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. 90 அடிச் சாலைப் பக்கம்தான் என் அலுவலகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து வாங்கிக்கொண்டு போ. பிரசவப் படி உரையிலிருந்து தொடங்கு.